வெளியே போன நேரம்

ஈப்போவிலிருந்து செமோர் போகிற பாதையில், மதில் எழுப்பிய ஒரு தாமான் குடியிருப்பின் வாசலில் பதினோரு வருடமாகக் காவல் நிற்கிற ஜாகா வேலை பார்க்கிறாள் குமுதா. காலை ஏழு மணிக்கு வருவாள், மாலை ஏழு மணிக்குப் போவாள். நீலச் சட்டை, இடுப்பில் டார்ச் லைட், காதோரம் செருகிய பேனா. அவள் காவலில் இருக்கும்வரை அந்தத் தாமானுக்குள் ஒரு பூனைகூடப் பதிவில்லாமல் நுழைய முடியாது என்று அங்கே குடியிருக்கிறவர்கள் சொல்வார்கள். பாதி பெருமையாகச் சொல்வார்கள், பாதி பயந்துகொண்டு சொல்வார்கள்.

பயத்துக்குக் காரணம் அவள் தொண்டை. குமுதா வாசலில் நின்று ஒரு சத்தம் போட்டால், கடைசி வரிசை வீட்டின் பின்பக்கம் துணி காயப்போடுகிறவர்களுக்கும் கேட்கும். சாப்பாடு கொண்டுவருகிற மோட்டார்க்காரர்கள் வளைவிலேயே தலைக்கவசத்தைக் கழற்றிவிட்டு, பரீட்சைக்குப் போகிறவர்கள் மாதிரி வந்து நிற்பார்கள். இதில் வேடிக்கை என்னவென்றால், தான் கத்துகிற ஆள் என்பது குமுதாவுக்குத் தெரியவே தெரியாது. கேட்டால், தன்னைப் போலச் சாதுவானவள் பேராக் மாநிலத்திலேயே இல்லை என்பாள். அவள் சொல்வதைக் கேட்கும்போது நமக்கே நம்பிவிடலாம் போலத்தான் இருக்கும்.

பதினோரு வருடத்தில் வாசல் கேட்டில் அவள் எழுதிய கேட்டுப் புத்தகங்களை அடுக்கினால் இடுப்பு உயரம் வரும். வண்டி எண், யாரைப் பார்க்க, என்ன காரியம், உள்ளே வந்த நேரம், வெளியே போன நேரம். ஐந்து கட்டங்களில் ஒன்றுகூட அவள் காலியாக விட்டதில்லை. வெளியே போன நேரம் எழுதாமல் ஒரு வண்டி மிச்சமிருந்தால், ஏழு மணிக்கு முன் அவளே தெருத் தெருவாக நடந்துபோய் அது எங்கே நிற்கிறது என்று பார்த்துவிட்டு வருவாள்.

அப்படிப்பட்டவளுக்குத்தான் போன வருடம் மே மாதம் மகளோடு பெரிய மனத்தாங்கல் ஏற்பட்டது.

மகள் தினேஸ்வரி ஆயர் தாவாரில் வாழ்க்கைப்பட்டவள். வயிற்றில் ஐந்து மாதம். அன்று அவளும் அவள் கணவன் ஷர்வினும் வேலை முடிந்ததும் குமுதாவைச் சாப்பிட அழைத்துப்போவதாக ஏற்பாடு. ஏழு மணிக்கு வர வேண்டியவர்கள் ஏழே முக்காலுக்கு வந்தார்கள். ஷர்வின் ஓட்டிவந்த காடி வாசலில் நின்றதும் குமுதா ஆரம்பித்தாள். எங்கே போய்த் தொலைந்தீர்கள், போன் எதற்கு, மனுசி இங்கே காத்துக் கிடப்பது கண்ணுக்குத் தெரியவில்லையா. பின்னால் நாலு காடி வரிசையில் நின்றன. கண்ணாடிகள் ஒவ்வொன்றாக இறங்கின. தினேஸ்வரி முன் இருக்கையில் வயிற்றின்மேல் கையை வைத்துக்கொண்டு தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தாள். அன்று சாப்பிடப் போகவில்லை.

மறுநாள் காலை போன் வந்தது.

“என்னாம்மா அது? நாலு காடிக்காரங்க வேடிக்க பாக்குறாங்க.”

“நா எங்க கத்துனேன்? ஏன் லேட்டுன்னு கேட்டேன். கேக்கக் கூடாதா?”

“கேட்டீங்களா? ஷர்வினுக்கு இன்னும் காது நொய்ங்குதாம். நா சொல்றத கேளுங்கம்மா. வளகாப்பு முடிஞ்சி நா அங்க வரல. மாமியார் வீட்லயே இருந்து பெத்துக்கிறேன். பொறந்த பிள்ள மொதமொதல்ல கேக்குறது கத்துற சத்தமா இருக்க வேணாம்.”

தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான். அதற்கென்று குமுதா முன்னறைக்குச் சுண்ணாம்பு அடித்து, தொட்டில் கம்பி மாட்டி, பத்தியத்துக்குக் கருவாடுவரை சொல்லி வைத்திருந்தாள். ஆறு வருடத்துக்கு முன் கணவர் சின்னையா போய்ச் சேர்ந்த பிறகு அந்த வீட்டுக்கு வரப்போகிற முதல் நல்ல காரியம் அது.

“நா கத்துற ஆளே இல்லலா!” என்று கத்தினாள். காவல் குடிலின் கூரையில் இருந்த மைனா பறந்துபோனது.

“கேட்ல நுழையிற காடியெல்லாம் நம்பரோட எழுதுறீங்கல்ல? அதே மாதிரி கத்துறதையும் எழுதி வச்சிப் பாருங்க. அப்புறம் பேசலாம்” என்று மகள் போனை வைத்துவிட்டாள்.

குத்தலாகச் சொன்ன வார்த்தை. ஆனால் குமுதாவுக்கு அது சவாலாகப் போய்விட்டது. அன்று மாலையே செமோர் கடைத்தெருவில் கேட்டுப் புத்தகம் போலவே கெட்டி அட்டை போட்ட நீளப் புத்தகம் ஒன்றை வாங்கினாள். அடிக்குச்சி வைத்துக் கட்டம் போட்டாள். மனசை அறியவேண்டும், மாறவேண்டும் என்ற எண்ணமெல்லாம் துளியும் கிடையாது. தன் பக்கம் நியாயம் என்று எழுத்தில் காட்டி மகளின் வாயை அடைக்கவேண்டும், அவ்வளவுதான்.

ஒரு வாரம் வரிந்துகட்டிக்கொண்டு எழுதினாள். ஞாயிற்றுக்கிழமை மகளைக் கூப்பிட்டு, கோர்ட்டில் வாசிப்பது மாதிரி வாசித்தாள்.

“திங்கள், எட்டே கால். வெள்ளைக் காடி, இருபத்திரண்டாம் நம்பர் வீடு. அட்டையைக் காட்டாமல் ஹார்ன் அடித்தார். செவ்வாய், ஒன்று நாற்பது. கேஸ் லாரிக்காரர். பதினொரு மணிக்கு வருகிறேன் என்றவர். புதன், ஏழு இருபத்தைந்து. இரவு ஜாகா கார்த்திகேசு அண்ணன். காவல் மாற்ற இருபத்தைந்து நிமிடம் தாமதம். தலையில் எண்ணெய் வைத்துப் படிய வாரிக்கொண்டு வந்திருக்கிறார்.”

எண்ணெயைக் கேட்டதும் தினேஸ்வரி சிரித்துவிட்டாள். பிறகு கேட்டாள்.

“சரிம்மா. இவங்கெல்லாம் வந்தாங்க. அப்ப நீங்க என்னா பண்ணீங்க? அது அதுல காணோமே?”

“நா என்னா பண்ணேன்? எழுதுனேன்.”

“அதுக்கு முன்னால?”

குமுதா பக்கங்களைப் புரட்டினாள். ஏழு நாளில் முப்பத்தொரு பதிவு. இருபத்திரண்டாம் நம்பர்க்காரர் மூன்று இடத்தில் இருந்தார், கார்த்திகேசு இரண்டு இடத்தில் இருந்தார், தபால்காரர்கூட இருந்தார். அவளை மட்டும் எங்கும் காணோம். ஜாகா தன் பெயரை எழுதுவதில்லை. புத்தகம் வருகிறவர்களுக்கானது, எழுதுகிறவருக்கானது அல்ல. பதினோரு வருடக் கைப்பழக்கம், சொந்தப் புத்தகத்திலும் அப்படியே ஓடியிருந்தது. மகளிடம் பேச்சை மாற்றி, போனை வைத்துவிட்டு, வெகுநேரம் அந்தப் பக்கங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு வெட்கமாக இருந்தது.

புதுப் பக்கம் திருப்பினாள். இனி யாருடைய வண்டி எண்ணும் வேண்டாம். வந்தது யார் என்ற இடத்தில் ‘கோபம்’ என்று எழுதினாள். அதற்குமேல் என்ன எழுதுவதென்று தெரியவில்லை. வேலையில் சேர்ந்தபோது கொடுத்த மூன்று நாள் பயிற்சியில் ஓர் அதிகாரி திரும்பத் திரும்பச் சொன்னது நினைவுக்கு வந்தது. கண்ணால் கண்டதை எழுது, நீயாக நினைப்பதை எழுதாதே. திருடன் வந்தான் என்று எழுதாதே. கறுப்புச் சட்டை, ஒரு பை, மணி மூன்று பத்து என்று எழுது. சரி, அப்படியே எழுதலாம் என்று முடிவு செய்தாள்.

‘2.05. கோபம் உள்ளே வந்தது. காது சூடு. தாடை வலிக்கிறது, பல்லைக் கடித்திருக்கிறேன். குரல் பெரிதானது. தண்ணீர் லாரிக்காரர் இரண்டு எட்டு பின்னால் போனார்.’

கடைசி வரியை எழுதும்போது கை தயங்கியது. ஆனால் அவர் பின்னால் போனது உண்மை. கண்ணால் கண்டதுதான்.

சொல்லும்போது சுலபமாக இருக்கிறது. அடுத்த இரண்டு வாரத்தில் பாதி நாள் மறந்துபோனாள். ஒருமுறை நான்கு நாள் பாக்கியை ஒரே மூச்சில் உட்கார்ந்து நிரப்பினாள். நிரப்பி முடித்ததும் அவளுக்கே உடம்பு கூசியது. நேரம் தெரியாமல் நேரம் எழுதுவது ஜாகா தொழிலில் மன்னிக்க முடியாத குற்றம். பக்கத்தைக் கிழிக்கவும் கூடாது. நான்கு நாளையும் குறுக்கே ஒரு கோடு போட்டு அடித்து, விதிப்படி ஓரத்தில் கையெழுத்தும் போட்டாள். அதற்குப் பிறகுதான் ஒரு வழி கண்டுபிடித்தாள். மாலை ஏழு மணிக்குக் காவலை ஒப்படைத்ததும், மோட்டாரைக் கிளப்புவதற்கு முன், அதன்மேல் உட்கார்ந்தபடியே பத்து நிமிடம் எழுதுவது. எழுதாமல் சாவியைத் திருகக்கூடாது என்று தனக்கே ஒரு சட்டம் போட்டுக்கொண்டாள்.

“என்னா தங்கச்சி, காதல் கடுதாசியா?” என்று கேட்பார் கார்த்திகேசு. அறுபது வயதுக்காரர், எண்ணெய்த் தலை பளபளக்கக் குடிலுக்குள் உட்கார்ந்திருப்பார்.

“ஆமாண்ணே. இன்னிக்கு மூணு பேரு வந்தாங்க. ரெண்டு பேரு போய்ட்டாங்க.”

கார்த்திகேசு கேட்டுப் புத்தகத்தைத் திறந்து எண்ணிப் பார்த்தார். நாற்பது வண்டி இருந்தது. தலையைச் சொறிந்துகொண்டார்.

கத்துவதற்கு முன்னாலேயே காது சூடாகிறது என்பது ஐம்பத்து மூன்று வயதில் குமுதாவுக்குக் கிடைத்த முதல் செய்தி. தெரிந்த பிறகும் கத்தத்தான் செய்தாள். ஆனால் ஒரு வெள்ளிக்கிழமை, இருபத்திரண்டாம் நம்பர்க்காரர் வழக்கம்போல ஹார்ன் அடித்தபோது, காது சுட்டது அவளுக்குத் தெரிந்தது. வாயைத் திறக்காமல் தடுப்புக் கம்பியை உயர்த்தினாள். அவர் காடியை நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, உடம்புக்கு ஏதும் முடியவில்லையா என்று விசாரித்துவிட்டுப் போனார். மறுநாள் அட்டையை எடுத்துக் காட்டினார்.

ஆறாவது வாரம், மாதக் கடைசியில் கேட்டுப் புத்தகத்தைச் சரிபார்ப்பது போல, தன் புத்தகத்தையும் முதலிலிருந்து பார்த்தாள். ஒரே வண்டி அடிக்கடி வருகிறதா, எந்த வேளையில் வருகிறது என்று பார்ப்பது ஜாகா வழக்கம். பார்த்துக்கொண்டே வந்தவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். கேஸ் லாரி வராதபோது. கார்த்திகேசு வராதபோது. மகள் போனை எடுக்காதபோது. ஹார்ன் அடித்தவர், முறைத்தவர் எல்லாம் சில்லறை. பெரிய கோபம் ஒவ்வொன்றும், வரவேண்டிய ஆள் வராமல் அவள் காத்துக்கொண்டிருந்த நேரத்தில்தான் வந்திருந்தது. சொல்லிவைத்தது மாதிரி.

ஏன் என்று யோசிக்க அவளுக்கு நேரமே ஆகவில்லை. அவளுக்குத் தெரியும். முப்பத்தொரு வருடமாகத் தெரியும்.

தினேஸ்வரிக்கு முன்னால் ஒரு பிள்ளை. அப்போது குமுதாவும் சின்னையாவும் ரப்பர் மரம் வெட்டுகிற கித்தாத் தோட்டத்தில் இருந்தார்கள். வலி கண்டபோது மழை. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டிய தோட்டத்து வேன் எங்கோ போயிருந்தது, இதோ வந்துவிடும் என்றார்கள். லயத்து வீட்டு வாசலில் பாயைப் போட்டு அவளைப் படுக்க வைத்தார்கள். ஒவ்வொரு சத்தத்துக்கும் வேன்தான் என்று தலையைத் தூக்கிப் பார்த்தாள். இரண்டு மணி நேரம் கழித்து வந்தது. செம்மண் பாதையில் பாதி தூரம் போவதற்குள் பிள்ளை பிறந்துவிட்டது. ஆண்பிள்ளை. அழவில்லை.

அன்று அவள் யாரிடமும் ஒரு வார்த்தை கத்தவில்லை. வேன் ஓட்டியவரிடம்கூட. இன்று மோட்டார்மேல் உட்கார்ந்தபடியே இதையெல்லாம் எழுதினாள். ஒரு முழுப் பக்கம் ஆயிற்று. எழுதி முடித்து, பழக்க தோஷத்தில் கடைசிக் கட்டத்துக்குப் போனாள். வெளியே போன நேரம். பேனா அங்கே நின்றுவிட்டது. போகவில்லை. அன்று வந்தது முப்பத்தொரு வருடமாக உள்ளேயே எங்கோ நிற்கிறது, அவள் ஒருநாளும் தேடிப் போகவில்லை. மோட்டார் கைப்பிடியில் தலையைச் சாய்த்து அழுதாள். கார்த்திகேசு பார்த்துவிட்டு, பார்க்காதவர் மாதிரி எழுந்து தெருப்பக்கம் நடந்துபோனார்.

வளைகாப்புக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாமான் பட்டியல் பேச மகளும் மருமகனும் பதினொரு மணிக்கு வீட்டுக்கு வருவதாக இருந்தது. மழை கொட்டியது. பன்னிரண்டு ஆனது. போன் போட்டால் இரண்டு பேருக்கும் போகவில்லை. குமுதா வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்தாள். பன்னிரண்டு ஐம்பதுக்குக் காடி வந்து நின்றது.

“சாரி அத்தே, வழியில மரம் சாஞ்சிரிச்சி. ரெண்டு போனும் பேட்ரி கோசோங், சார்ஜே இல்ல” என்று குடையை விரித்தான் ஷர்வின். தினேஸ்வரி இறங்கவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு, வரப்போகிற சத்தத்துக்காகத் தோளைக் குறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். குமுதா அந்தத் தோளைப் பார்த்தாள்.

காது சுட்டது. வார்த்தை நாக்கு நுனிக்கு வந்துவிட்டது.

“உள்ள வாங்க. சோறு இருக்கு. எனக்கு மட்டும் அஞ்சு நிமிசம் குடுங்க” என்று சொல்லிவிட்டு, விறுவிறுவென்று அடுப்படிக்குப் போய்ப் புத்தகத்தைத் திறந்தாள்.

‘12.52. கோபம் உள்ளே வந்தது. காது சூடு. கை நடுக்கம்.’ அதோடு நின்றது. கை இப்படி நடுங்குவது கோபத்திலா? ‘கோபம்’ என்ற சொல்லை ஒரு கோடு போட்டு அடித்தாள். மேலே ‘பயம்’ என்று எழுதி, திருத்தத்துக்குப் பக்கத்தில் சின்னதாகக் கையெழுத்துப் போட்டாள்.

“என்னாம்மா எழுதுறீங்க?” தினேஸ்வரி கதவருகே நின்றாள்.

“உனக்கு முன்னால ஒன்னு பொறந்து தவறிப்போச்சின்னு தெரியுமில்ல?”

“தெரியும்.”

“எப்படின்னு சொன்னதில்ல நா.”

சொன்னாள். குரல் எழும்பவே இல்லை. அம்மா பேசுவதைக் கேட்க தினேஸ்வரி கிட்டே வந்து குனிய வேண்டியிருந்தது. பிறந்ததிலிருந்து அப்படி ஒரு தேவை அவளுக்கு வந்ததே இல்லை.

“அன்னியிலேர்ந்து யாரு லேட்டா வந்தாலும் எனக்கு அந்த வேன்தான்லா. நீ வர்லன்னா, உனக்கு என்னமோ ஆயிடிச்சின்னே முடிவு பண்ணிடுறேன். அப்புறம் நீ முழுசா வந்து நிக்கிற. சந்தோசப்பட வேண்டிய நேரத்துல வாயி கத்துது. இந்தத் தடவ வயித்துல பிள்ளையோட வர்ற. எனக்கு ரொம்ப பயமா இருக்கும்மா.”

தினேஸ்வரி அம்மாவின் கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டாள்.

“அத்தே, சார்ஜர் ஒன்னு இருக்குமா?” என்று கூடத்திலிருந்து கேட்டான் ஷர்வின்.

“காடியில ஒரு சார்ஜர் வாங்கி வச்சிக்கத் தெரியாதா உனக்கு? பிள்ளத்தாச்சிய ஏத்திகிட்டு வர்றியே!” கூரைத் தகரம் அதிர்ந்தது. அடுத்த நொடி குமுதா வாயைப் பொத்திக்கொண்டாள். கண்ணில் தண்ணீரோடு தினேஸ்வரி சிரிக்க ஆரம்பித்தாள். குமுதா பேனாவை எடுத்து அடுத்த வரியில் ‘1.15’ என்று எழுதினாள். பிறகு கூடத்துக்குப் போய், மருமகனிடம் தன் தப்பு என்று சொல்லி, சார்ஜரையும் கொடுத்தாள்.

புறப்படும்போது, வளைகாப்பு முடிந்து வருவாயா என்று குமுதா தயங்கிக் கேட்டாள்.

“யோசிச்சி சொல்றேம்மா” என்றாள் மகள்.

ஆயர் தாவாரில் கோயிலை ஒட்டிய மண்டபத்தில் வளைகாப்பு. நல்ல நேரம் ஒன்பதுக்கு. முதல் நாள் இரவுக் காவலுக்கு லீவு போட்டிருந்த கார்த்திகேசு தன் காடியில் குமுதாவை அழைத்துக்கொண்டு, தட்டு, பழம், வளையல் பெட்டியோடு ஏழரைக்கே வந்துவிட்டார். மண்டபம் பூட்டியிருந்தது. சாவி மங்களம் என்ற அம்மாளிடம் இருக்கிறதாம். எட்டாகியும் வரவில்லை. எட்டு பத்தாகியும் வரவில்லை. சமையல்காரர்கள் அண்டாவோடு வெயிலில் நின்றார்கள். சம்பந்தி வீட்டார் குமுதாவையும் பூட்டையும் மாறி மாறிப் பார்த்தார்கள். குமுதா கைப்பையிலிருந்து புத்தகத்தை எடுத்து, படியில் உட்கார்ந்து, ஏதோ எழுதினாள்.

எட்டு இருபதுக்கு ஷர்வினின் காடி வந்தது. அதே நேரத்தில் எதிர்ப்பக்கமிருந்து மங்களம் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தாள். தினேஸ்வரி நிலைமையைப் பார்த்தாள். கை தானாகப் போய்க் காடிக் கண்ணாடியை ஏற்றிவிட்டது.

“மன்னிச்சிக்குங்கக்கா, பேரப்பிள்ளைக்குக் காய்ச்சல், ரொம்ப லேட்டாயிடிச்சி…”

எல்லாரும் குமுதாவைப் பார்த்தார்கள்.

“வந்துட்டீங்கல்ல. அது போதும்” என்றாள் குமுதா. “பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டுடிச்சா?”

காடிக்குள் இருந்த தினேஸ்வரிக்கு வார்த்தை கேட்கவில்லை. யாரும் காதைப் பொத்திக்கொள்ளவில்லை, அண்டாக்கள் உள்ளே போகின்றன, அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு மங்களம் ஏதோ சொல்கிறாள் என்பதை மட்டும் பார்த்தாள். மெதுவாகக் கண்ணாடியை இறக்கினாள்.

சாயங்காலம், இரண்டு கையிலும் வளையல் குலுங்க, தினேஸ்வரி ஷர்வினிடம் காடியின் பின்பக்கத்தைத் திறக்கச் சொன்னாள். உள்ளே அவள் துணிப்பை இருந்தது. காலையிலேயே கட்டி வைத்திருந்தாள், யாரிடமும் சொல்லவில்லை. அதை எடுத்துக் கார்த்திகேசுவின் காடியில் வைக்கச் சொல்லிவிட்டு, பின் இருக்கையில் அம்மாவின் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள். குமுதா நகர்ந்து இடம் விட்டாள்.

கொஞ்ச தூரம் போனதும் தினேஸ்வரி கையை நீட்டினாள். குமுதா புத்தகத்தைக் கொடுத்தாள்.

‘8.10. கோபம் உள்ளே வந்தது. சாவி வரவில்லை. காது சூடு. வெளியே போன நேரம் 8.14.’

“நாலே நிமிசமா?”

“ம்.”

மகள் பின்னோக்கிப் புரட்டினாள். அந்த முழுப் பக்கம் வந்ததும் நிறுத்தி, கடைசிவரை படித்தாள். காலிக் கட்டத்தின்மேல் விரலை வைத்தாள்.

“இதுக்கு நேரம் போடலியாம்மா?”

“போடல. அது இன்னும் உள்ளதான் நிக்கிது. எங்க நிக்கிதுன்னு இப்ப தெரியும், போய்ப் பாத்துட்டு வந்துட்டேன்.”

தினேஸ்வரி புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டு அம்மாவின் தோளில் சாய்ந்தாள். பிள்ளைத்தாச்சி இருக்கிறாள் என்று கார்த்திகேசு ஊர்ந்துகொண்டுதான் ஓட்டினார். ஒன்றரை மணி நேரத்தில் போகவேண்டிய ஈப்போவுக்கு இரண்டரை மணி நேரம் ஆயிற்று. தாமதம் என்று அவரிடம் யாரும் கத்தவில்லை.